மீன்களைக் கணக்கெடுத்த டாக்டர்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. இடையில் அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழும் பழங்காலத்து அணைகள். எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை வெள்ளைக்காரர் ஆட்சியில், 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்டது.

அணையால் நெல் விளைந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீன்?

விலாங்கு மீன் கடலில்தான் முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறி வந்து பெரிதாகும். பிறகு மறுபடியும் கடலுக்குத் திரும்பும். அதன் வழியில் ஒரு சுவரை எழுப்பினால் என்ன ஆகும்?

இப்படி ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்தியா முழுவதும் சுற்றி வந்தார் ஒரு டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

இரண்டு பேர், ஒரே பெயர்

சென்னைப் பட்டணம் உருவாகக் காரணமாக இருந்த பிரான்சிஸ் டே வேறு. அவர் 1639-ல் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவர். நம்முடைய மீன் டாக்டர் அவருக்குச் சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

இந்த டே, 1829-ம் ஆண்டு மார்ச் மாதம் 2-ந்தேதி, இங்கிலாந்தில் மேர்ஸ்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்தார். 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் டாக்டராகச் சேர்ந்தார். பர்மாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே போய் வேலை பார்த்தார்.

பிறகு கொச்சிக்கு வந்தார். அங்கேதான் அவர் மனம் மீன்கள்மேல் திரும்பியது. கொச்சியின் பழைய வரலாற்றை 1863-ல் ஒரு புத்தகமாக எழுதினார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி இன்னொரு புத்தகம் வெளிவந்தது.

டிரவுட் என்பது குளிர்நாட்டு மீன். அதை நீலகிரி ஓடைகளில் வளர்க்கவும் அவர் பாடுபட்டார். பலிக்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, வேறொருவர் கையில்தான் அந்தக் காரியம் கைகூடியது.

அணையும் மீனும்

காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் பெயர் பெற்றவர் சர் ஆர்தர் காட்டன். அணைகளால் மீன்வளம் கெடுமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியவரும் அவரே என்பது வேடிக்கை! அதை ஆராயும் வேலை டாக்டர் டேயிடம் வந்தது.

அவர் கொள்ளிடத்து அணையைப் பார்த்தார். உல்லம் என்னும் கடல் மீன் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். அது அணைக்குக் கீழே தடுக்கப்பட்டு நின்றது. வலைக்காரர்கள் அங்கேயே அள்ளினார்கள். முட்டையிடப் போகும் மீனையே பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டு மீன் எங்கிருந்து வரும்? அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி விட வேண்டும் என்று டே சொன்னார்.

1871-ல் அரசாங்கம் அவரை இந்தியா முழுமைக்கும் மீன்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆக்கியது. அவர் சிந்துவிலிருந்து பர்மா வரை போனார். அந்தமானுக்கும் போனார். ஓர் ஆளே எல்லா ஆற்றையும் பார்த்துவிட முடியுமா? ஆகவே மாவட்ட அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகளை எழுதி அனுப்பினார். உங்கள் ஊரில் மீன் குறைகிறதா, என்ன வலை போடுகிறார்கள், சந்தைக்குப் போதுமான மீன் வருகிறதா என்பன போன்ற கேள்விகள். வந்த பதில்களைத் தொகுத்து, 1873-ல் ஆற்று மீனுக்கு ஓர் அறிக்கையும் கடல் மீனுக்கு ஓர் அறிக்கையும் வெளியிட்டார்.

அறிக்கையில் அவர் சொன்னது இதுதான்: கண்ணி நெருங்கிய வலைகளாலும், வாய்க்கால்களில் வைக்கும் பொறிகளாலும், நஞ்சு கலப்பதாலும் குஞ்சுகள் அழிகின்றன. இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும்.

சட்டம் உடனே வரவில்லை. ஏழைகளின் சாப்பாட்டில் கை வைப்பதா என்று அதிகாரிகளிலேயே பலர் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அயிரையும் பொடிமீனும் இல்லாவிட்டால் பல வீடுகளில் குழம்பே இல்லை. வாய்க்காலில் கூடை வைத்துப் பிடிக்கும் பெண்ணையும், ஆற்றில் நஞ்சு கலப்பவனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது டேயின் குறை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அவரும் ஏழைகளை மறந்தவர் அல்ல. உப்பு வரியால் கடற்கரையில் மீனை உப்பிட்டுக் காயவைக்க முடியவில்லை, பிடித்த மீன் அழுகிப் போகிறது என்று எடுத்துக் காட்டியவர் அவர். கருவாட்டுக்கு வரியில்லாத உப்பு தர வேண்டும் என்று வாதாடினார். பின்னால் சென்னை மாகாணக் கரையோரத்தில் அதற்கென்றே உப்பிடும் களங்கள் ஏற்பட்டன.

ஊர்ப் பெயர்கள்

அவருடைய பெரிய நூல் 'இந்தியாவின் மீன்கள்'. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சுமார் 1,400 வகை மீன்கள் அதில் இருக்கின்றன. ஏறக்குறைய 200 படத்தாள்கள்.

அதில் ஒரு சிறப்பு உண்டு. லத்தீன் பெயரோடு நிறுத்தாமல், அந்தந்த ஊர் மக்கள் வழங்கும் பெயரையும் அவர் எழுதி வைத்தார். விரால், கெளுத்தி, விலாங்கு போன்ற தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அந்தப் புத்தகத்தில் ஏறின. காது கேட்டபடி எழுதியதால் சில பெயர்கள் உருமாறியிருக்கும். ஆனாலும் வலைஞர்களின் சொல் அச்சில் நின்றது.

வீட்டு வாழ்க்கையில் அவருக்குச் சுகம் இல்லை. முதல் மனைவி இறந்தார். இரண்டாவதாக மணந்தவரும் மறு ஆண்டே இறந்துவிட்டார்.

லண்டன் சண்டை

1877-ல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். செல்ட்டன்ஹாமில் குடியேறினார்.

லண்டன் மியூசியத்தில் குந்தர் என்ற மீன் நிபுணர் இருந்தார். அவருக்கும் டேக்கும் ஆகவில்லை. ஒருவர் கண்ட புதுவகை மீனை, மற்றவர் பழைய வகைதான் என்பார். இந்தப் பகை முற்றியது. டே இந்தியாவில் அரும்பாடுபட்டுச் சேர்த்த மீன்களில் ஒரு பகுதி, 1883-ல் லண்டனுக்குப் போகாமல் ஆஸ்திரேலியாவில் சிட்னி மியூசியத்துக்கு விற்கப்பட்டது! நம் நாட்டு ஆற்று மீன்களைச் சிட்னியில் போய்ப் பார்க்க வேண்டிய நிலை இரண்டு பெரியவர்களின் கோபத்தால் வந்தது.

தாடை இல்லாத பிராணி

செல்ட்டன்ஹாமிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1880 முதல் 1884 வரை பிரிட்டன், அயர்லாந்து மீன்களைப் பற்றி எழுதினார். அங்கே லாம்ப்ரே என்று ஒரு நீர்ப்பிராணி உண்டு. பார்த்தால் விலாங்கு போல் நீளமாக இருக்கும். ஆனால் அதற்குத் தாடை கிடையாது. வட்டமான வாய், அதில் வரிசை வரிசையாகப் பல். பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இந்தப் பிராணி இந்தியாவில் இல்லை.

விலாங்குக்கு நேர்மாறானது இதன் வாழ்க்கை. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்கிறது. கடல் லாம்ப்ரே ஆற்றில் பிறக்கிறது. கண் தெரியாத குஞ்சாகப் பல ஆண்டுகள் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. பிறகு கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வந்து, அங்கேயே சாகிறது.

செல்ட்டன்ஹாமுக்கு அருகில் ஓடும் செவர்ன் ஆறு லாம்ப்ரேக்குப் பெயர் போனது. அரச குடும்பத்துக்கே அங்கிருந்து லாம்ப்ரே பலகாரம் போகும். ஆனால் 19-ம் நூற்றாண்டின் நடுவில் படகுப் போக்குவரத்துக்காக அந்த ஆற்றிலும் அணைகள் எழுந்தன. வழி அடைபட்டது. கொள்ளிடத்தில் உல்லத்துக்கு நேர்ந்ததே, செவர்னில் லாம்ப்ரேக்கும் நேர்ந்தது.

1889-ல் அவர் எழுதிய இந்திய மீன்கள் பற்றிய இரு தொகுதிகள் வெளிவந்தன. அப்போது அவர் வயிற்றில் புற்றுநோய். அதே ஆண்டு ஜூலை 10-ந்தேதி காலமானார். அவருக்கு வயது 60.

அவர் கேட்ட சட்டம் அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1897-ல் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. வலைக்கண் அளவை அந்தந்த மாகாணமே முடிவு செய்து கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. சென்னை மாகாணத்துக்கு மீன்துறை 1907-ல் ஏற்பட்டது.

தாமிரபரணியில் டேயின் கணக்கில் சேராத மீன்களும் இருந்தன. 1950-களில் இ.ஜி.சைலாஸ் அப்படி ஒரு கெண்டையைக் கண்டு, ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். அதற்குப் பிறகும் மேற்குமலை ஓடைகளில் புதுப்புது மீன்கள் அகப்பட்டன. பாபநாசம் படித்துறையில் குடும்பத்தோடு நின்று பொரி போடும்போது துள்ளி வரும் மீன்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த ஆற்றில் மீன் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு இன்றும் டாக்டர் டேயின் புத்தகம் உதவுகிறது.