புகைக்குக் கணக்கு எழுதியவர்

பருவநிலை மாற்றத்துக்குப் பொறுப்பு வண்டிக்குப் பெட்ரோல் போடுபவரா, அதை விற்கும் எண்ணெய் நிறுவனமா? இந்த வழக்கில் முதல் சாட்சியாக அழைக்கப்பட வேண்டியவர், பொருளியல் அறிஞர் ஆர்தர் செசில் பிகூ.

1877-இல் இங்கிலாந்தின் வைட் தீவில், ராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் வரலாறு படிக்கச் சேர்ந்தவரைப் பொருளியல் ஈர்த்துக்கொண்டது. 1908-இல் ஆல்ஃபிரட் மார்ஷல் வகித்த பேராசிரியர் பதவி, 30 வயதே ஆன பிகூவைத் தேடி வந்தது. முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த உடன்படாத அவர், விடுமுறை நாள்களில் போர்முனைக்குச் சென்று ஆம்புலன்ஸ் ஓட்டினார். அங்கு கண்டவை அவரை மனிதக் கூட்டத்திலிருந்து ஒதுங்கச் செய்தன என்பர். மலையேற்றமும் மாணவர்களும் போதும் என்று வாழ்ந்த தனிமனிதர். உடையைப் பற்றிய கவலை அறவே இல்லாதவர்.

1920-இல் வெளிவந்த 'நலப் பொருளியல்' நூலில் அவர் ஆலையின் புகைபோக்கியைக் கவனித்தார். புகை கட்டடங்களைக் கறுக்கச் செய்கிறது. துவைத்த துணியை மறுபடி துவைக்க வைக்கிறது. பகலிலும் விளக்கேற்ற வைக்கிறது. இந்தச் செலவை ஆலை முதலாளி ஏற்பதில்லை. ஆலையின் சரக்கை வாங்குபவரும் ஏற்பதில்லை. புகைக்குக் கீழே குடியிருப்பவரே ஏற்கிறார். ஆகவே சரக்கின் விலை பொய்யான விலை. விடுபட்ட செலவை வரியாக விதித்தால் விலை உண்மையாகும் என்றார் பிகூ.

வரியை ஆலையிடம் வசூலித்தாலும், அதன் சுமை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே பங்கிடப்படும். பொய் விலையால் இருவருமே பயனடைந்தவர்கள் அல்லவா? அந்த அளவில் நுகர்வோர் குற்றமற்றவர் அல்லர்.

எனினும் பிகூ அத்துடன் நிற்கவில்லை. மனிதர் எதிர்காலத்தைச் சிறிதாகக் காண்பவர் என்பதால், பிறவாத தலைமுறைக்கு அரசே அறங்காவலர் என்றார். அந்த அரசும் அறியாமைக்கும், தனிநல அழுத்தங்களுக்கும், ஊழலுக்கும் ஆளாகக்கூடும் என்றும் எச்சரித்தார். அவரைக் கற்பனாவாதி என்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிப்பதில்லை.

1936-இல் கெய்ன்ஸ் தமது நூலில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். கெய்ன்ஸ் மறைந்த பின், அதே நூலின் சிறப்பைப் பிகூ பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார்.

1959 மார்ச்சில் பிகூ காலமானார். அதே ஆண்டு நவம்பரில், நியூயார்க்கில் எண்ணெய்த் துறையினர் கூடிய கருத்தரங்கில், கரியமில வாயு புவியைச் சூடாக்கும் என்று இயற்பியலர் எட்வர்ட் டெல்லர் எச்சரித்தார். மறு ஆண்டு, தீங்கு என்பது இரு தரப்பும் சேர்ந்து விளைவிப்பது, பேரம் பேசச் செலவில்லாதபோது வரி தேவையில்லை என்று ரொனால்ட் கோஸ் வாதிட்டார். கூர்மையான வாதம்தான். ஆனால் பிறவாத குழந்தை யாரிடம் பேரம் பேசும்?

பிகூ பிறந்த நூறாம் ஆண்டான 1977-இல், எக்ஸான் நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கு அதன் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் இதே ஆபத்தை விளக்கினார். அதன் பிறகும் அந்நிறுவனம் பல்லாண்டுகள் பொதுவெளியில் ஐயத்தையே விதைத்தது. பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனமோ, தனிமனிதர் தம் கார்பன் தடத்தைத் தாமே அளந்துகொள்ளக் கணிப்பான் தந்தது. வாங்குபவருக்கு விலை தெரியாது, விற்பவருக்குத் தெரியும். இந்த வேறுபாடு சிறியதன்று.

1990-இல் பின்லாந்தும் மறு ஆண்டு சுவீடனும் கார்பன் வரியைக் கொண்டுவந்தன. அது பிகூவின் வரிதான். அவ்வரி இனி எரிக்கப்படும் எரிபொருளுக்கு விலை வைக்கும். உண்மை மறைக்கப்பட்ட ஆண்டுகளின் பாக்கியை வசூலிக்காது. அந்தப் பாக்கியைக் கேட்டே அமெரிக்காவின் பல மாநிலங்களும் நகரங்களும் எண்ணெய் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்திருக்கின்றன.