செம்பிலிருந்து சிவப்புக் கண்ணாடி கண்ட எகர்மன்

ரத்தச் சிவப்பு நிறத்தில் ஒரு கண்ணாடிக் குவளை. அதன் மேல் வெள்ளைக் கோடுகளில் கொடியும் பூவும், துள்ளி ஓடும் மானும். உலகமெங்கும் பொஹீமியக் கண்ணாடி என்றதும் பலரின் நினைவுக்கு வருவது இந்தக் குவளைதான்.

பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. அந்த நாட்டுக் கண்ணாடி நமக்கும் புதியதல்ல. அங்குள்ள யாப்லோனெட்ஸ் ஊரிலிருந்து ஒரு காலத்தில் வளையல்களும் மணிகளும் பெட்டி பெட்டியாக இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தன. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்தில் வளையல் தொழில் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தச் சிவப்புக் குவளையைப் பிரபுக்கள் அல்லாதவர்களும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர் பிரெடரிக் எகர்மன். அவர் வாழ்க்கையும் ஒரு கதை போலத்தான் இருக்கிறது.

காடு தந்த தொழில்

பொஹீமியாவின் கண்ணாடித் தொழில் காட்டில் பிறந்தது. உலை எரிய விறகு வேண்டும். மணலை உருக்க உப்பு வேண்டும். கடலோர நாட்டார் கடற்பூண்டுச் சாம்பலிலிருந்து அந்த உப்பை எடுத்தார்கள். கடல் இல்லாத பொஹீமியர்கள் மரத்தை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்தே எடுத்தார்கள். அப்படிச் செய்த கண்ணாடி கெட்டியாக இருந்தது. சாணைச் சக்கரத்தில் பிடித்துச் சித்திரம் செதுக்க ஏற்றதாகவும் இருந்தது. பிராகா நகரில் அரசாண்ட இரண்டாம் ருடால்ப் சக்கரவர்த்தி, கண்ணாடியில் செதுக்கும் உரிமையை 1609-ல் காஸ்பர் லேமன் என்ற கலைஞருக்கு வழங்கினார். அங்கிருந்து அந்தக் கலை வளர்ந்தது. பொஹீமிய வியாபாரிகள் சரக்கை எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதும் சுற்றினார்கள்.

ஆனால் ஏறிய சந்தை இறங்காமல் இருக்குமா? இங்கிலாந்தில் ஈயம் கலந்து கண்ணாடி செய்யக் கற்றுக்கொண்டார்கள். பட்டை தீட்டினால் அது வைரம் போல் மின்னியது. வாங்குவோர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். போதாக்குறைக்கு நெப்போலியனின் யுத்தங்கள் வந்தன. துறைமுகங்கள் மூடப்பட்டன. கண்ணாடியை நம்பிய குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன. எகர்மன் தொழிலில் தலையெடுத்தது இந்தக் கெட்ட காலத்தில்தான்.

ஊமை வேடம்

1777-ம் ஆண்டு மார்ச் 5-ம் தேதி, பொஹீமியாவின் வடகோடியில் உள்ள ஷ்லுக்னோவ் ஊரில் எகர்மன் பிறந்தார். எளிய குடும்பம். இளமையிலேயே கண்ணாடித் தொழிலுக்கு வந்துவிட்டார். உலை வேலையோடு அவர் ஆசை நிற்கவில்லை. வண்ணம் தீட்டும் வித்தையில் மனம் போயிற்று.

எல்லைக்கு அப்பால் சாக்சனி நாட்டில் மைசன் நகரம் இருந்தது. அங்கே 1710 முதல் பீங்கான் ஆலை நடந்து வந்தது. ஐரோப்பாவிலேயே பேர்போன ஆலை அது. அங்கே வண்ணம் குழைக்கும் முறையும் சுடும் முறையும் கட்டிக் காக்கப்பட்ட ரகசியங்கள். அயலான் எவனையும் அருகில் விடமாட்டார்கள்.

இளைஞர் எகர்மன் என்ன செய்தார்? காது கேளாத, வாய் பேசாத ஒருவனாக நடித்து உள்ளே புகுந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஊமைதானே, இவனால் என்ன ஆகப் போகிறது என்று அங்கிருந்தவர்கள் சும்மா விட்டுவிட்டார்களாம். கண்ணால் கண்டதையெல்லாம் மனதில் பதித்துக்கொண்டு ஊர் திரும்பினாராம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பீங்கான் ஓவியரின் நுணுக்கம் அவர் கண்ணாடியில் இருந்தது என்பது உண்மை.

கல்லா, கண்ணாடியா?

எகர்மன் பொலெவ்ஸ்கோ கிராமத்திலும், பின்னர் பக்கத்திலிருந்த ஹைடா ஊரிலும் பட்டறை நடத்தினார். ஹைடாவின் இன்றைய பெயர் நோவி போர். பெரிய உலை வைத்துக் கண்ணாடி உருக்குவதை விட, வெறும் கண்ணாடியை வாங்கி அதற்கு அழகு சேர்ப்பதே அவர் தொழில். இங்கிலாந்துக் கண்ணாடியின் மினுமினுப்போடு போட்டியிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிறத்தில் வெல்லலாம் என்று முடிவு செய்தார். சோதனைக்கு மேல் சோதனை செய்தார்.

1820-களின் இறுதியில் லித்யலின் என்ற புதுவகைக் கண்ணாடியைக் கொண்டுவந்து அரசிடம் காப்புரிமை பெற்றார். கிரேக்க மொழியில் லித்தோஸ் என்றால் கல். பெயருக்கேற்ப அந்தக் கண்ணாடி பளிங்கு போலவும் சூரியகாந்தக் கல் போலவும் வரிவரியாகத் தெரியும். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் கல்லா கண்ணாடியா என்று திகைத்தார்கள்.

தங்கத்துக்குப் பதில் செம்பு

ஆனால் அவர் பெயரை நிலைக்க வைத்தது சாயம் ஏற்றும் முறைதான்.

வெள்ளியைக் கொண்டு கண்ணாடிக்கு மஞ்சள் நிறம் ஏற்றுவது பழைய மாதாகோவில் ஜன்னல்களிலேயே உண்டு. எகர்மன் அதைக் குவளைக்கும் கிண்ணத்துக்கும் கொண்டுவந்தார். வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணோடு குழைத்துப் பூச வேண்டும். பிறகு சூளையில் சுட வேண்டும். வெள்ளி கண்ணாடியின் மேல்தோலுக்குள் ஊறிவிடும். மண்ணைத் துடைத்தால் பொன் மஞ்சள்! இது பூச்சு அல்ல, உரியாது. கண்ணாடியோடு கலந்த நிறம்.

அடுத்தது சிவப்பு. அதுதான் கடினம். அதுவரை நல்ல மாணிக்கச் சிவப்பு வேண்டுமானால் கண்ணாடிக் குழம்பில் தங்கத்தையே சேர்த்தார்கள். பிரபுக்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். எகர்மன் செம்பைப் பிடித்தார். செம்புச் சாயம் ஒரே சூட்டில் நிறம் தராது. பூசிச் சுட்டு, காற்று குறைந்த சூளையில் மறுபடியும் சுட்டுப் பக்குவம் பார்க்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் சரக்கு வீண். பல ஆண்டு முயன்று 1830-களில் வெற்றி கண்டார்.

நிறம் மேல்தோலில் மட்டும் இருந்ததால் இன்னொரு லாபமும் கிடைத்தது. செதுக்குபவர் சக்கரத்தில் லேசாகப் பிடித்தாலே சிவப்பு விலகி, உள்ளே தெளிந்த கண்ணாடி வெள்ளையாகத் தெரியும். கொடியும் பூவும் மானும் இப்படித்தான் வந்தன. கார்ல்ஸ்பாத் போன்ற ஊற்று நகரங்களுக்கு நோய் தீர நீர் குடிக்க வந்தவர்கள், ஊர்ப் படம் செதுக்கிய குவளைகளை நினைவுக்காக வாங்கிச் சென்றார்கள்.

களவு போன ரகசியம்

இவ்வளவு பாடுபட்டுக் கண்ட முறையை எகர்மன் பொத்திப் பொத்திக் காத்தார். ஆனால் 1840-களில் சிவப்புச் சாயத்தின் பக்குவம் அவரிடமிருந்து களவு போயிற்று. சில ஆண்டுகளில் சுற்று வட்டாரப் பட்டறைகள் எல்லாம் சிவப்புக் கண்ணாடி செய்யத் தொடங்கிவிட்டன. மைசனில் பிறர் ரகசியத்தைக் கண்ணால் கவர்ந்ததாகச் சொல்லப்படுபவர், தம் ரகசியத்தையே பறிகொடுத்தார்!

அவருக்கு அது பெரிய நஷ்டம். ஆண்டுக்கணக்கான உழைப்பின் பலன் அடுத்தவன் கைக்குப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே பட்டறையில் இருந்த தொழில் ஒரு வட்டாரத்தின் பிழைப்பாயிற்று. சாயம் பூசுபவர், சூளை பார்ப்பவர், செதுக்குபவர், பெட்டி கட்டுபவர் என்று எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. 1856-ல் பக்கத்து ஊரான கமெனிட்ஸ்கி ஷெனோவில் கண்ணாடித் தொழிலுக்கென்றே ஒரு பள்ளி திறக்கப்பட்டது. மூடி வைத்த வித்தையைப் பலகையில் எழுதிச் சொல்லித்தரும் காலம் வந்தது. எகர்மன் அதையும் பார்த்தார். 1864 ஜனவரி முதல் தேதி, 86 வயதில், அதே ஹைடாவில் காலமானார்.

ஊர் காலியான நாள்

அவர் விட்டுச் சென்ற தொழிலுக்குப் பெரிய சோதனை 1945-ல் வந்தது. எகர்மனைப் போலவே அந்த வட்டாரத்துக் கண்ணாடித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி பேசுபவர்கள். இட்லரின் ஆக்கிரமிப்பும் போரும் முடிந்ததும், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் கையளவு சாமானோடு எல்லை தாண்டினார்கள். யாப்லோனெட்ஸிலிருந்து போனவர்கள் பவேரியாவில் நொய்காப்லோன்ஸ் என்று ஊர் பெயரையே புதிதாக வைத்துத் தொழிலை மீண்டும் தொடங்கினார்கள்.

இங்கே பட்டறைகள் அரசுடைமை ஆயின. ஆனால் ஆள் வேண்டுமே! பள்ளிகள்தான் கைகொடுத்தன. செக் இளைஞர்கள் வந்து படித்தார்கள். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியக் கண்ணாடியைக் கண்டு உலகம் வியந்தது. 1982 முதல் பல நாட்டுக் கலைஞர்கள் நோவி போரில் கூடிக் கண்ணாடி ஊதும் விழாவும் தொடங்கியது.

துன்பம் அதோடு தீரவில்லை. 2008-ம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவில் நோவி போரின் பெரிய ஆலையான கிரிஸ்டலெக்ஸ் மூழ்கியது. அடுத்த ஆண்டு புது உரிமையாளர் கையில் மறுபடி உலை மூட்டப்பட்டது. 2022-ல் எரிவாயு விலை ஏறியபோது கண்ணாடி ஆலைகள் மீண்டும் திணறின. 2023 டிசம்பரில், கையால் கண்ணாடி செய்யும் அறிவை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வம் என்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. செக் நாட்டோடு ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளும் சேர்ந்து பெற்ற கௌரவம் அது.

எகர்மன் பெயரைத் தாங்கிய நிறுவனம் நோவி போரில் சிவப்புக் கண்ணாடி செய்து வந்திருக்கிறது. அவர் பூட்டி வைத்த பக்குவம் அவரோடு போயிருந்தால், ஊர் காலியான அன்றே அது அழிந்திருக்கும். பலர் கைக்குப் போனதால் பிழைத்தது. தொழிலைக் காப்பது பூட்டு அல்ல, கற்றுக்கொள்ள வரும் அடுத்த தலைமுறைதான்.