பிழையாய்ந்த பேரறிஞர் ஆலன் டூரிங்

பொறிகளை ஆக்கியோர் உலகிற் பலர். ஆக்கிய பொறி பிழைபடுங்கால் அப்பிழையைத் தேடிக் காணும் நெறி யாதென எண்ணியோர் மிகச் சிலர். இக்காலத்து அலுவலகந்தோறும் கணிப்பொறி உண்டு; அது திடீரென அசைவற்று நிற்றலும், அச்சுப்பொறி வாளாவிருத்தலும், இணையம் அறுதலும் நாடோறும் நிகழ்வன. அவற்றின்முன் திகைத்து நிற்போர்க்கு வழிகாட்டத்தக்க வாழ்க்கை, ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலப் பேரறிஞரது வாழ்க்கையாகும்.

டூரிங்கின் குடும்பம் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. அன்னையார் ஈதெல் சாரா ஸ்டோனி, 1881-ஆம் ஆண்டில், கோயமுத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். பாட்டனார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி சென்னை இருப்புப்பாதையின் தலைமைப் பொறியாளராய் விளங்கியவர். பங்கா இழுக்குங்கால் எழும் கிறீச்சொலியை ஒழிக்க ஓசையற்ற உருளையொன்றைப் புதிதாய் அமைத்தவரும் அவரே. தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ. சி. எஸ். பதவி வகித்தார். தமையனார் ஜான் 1908-இல் குன்னூரிற் பிறந்தார். ஆலன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். பெற்றோர் இந்தியாவில் அலுவல் பார்க்க, மைந்தர் இருவரும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர்.

ஷெர்போர்ன் பள்ளியிற் பயின்ற டூரிங், 1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி புகுந்து கணிதம் கற்றார். இருபத்து நான்கு வயது நிரம்புமுன், 1936-இல், அவர் எழுதிய கட்டுரையே கணிப்பொறி இயலுக்கு அடிப்படையாயிற்று. விதிகளின்படி நாடாவில் எழுதியும் அழித்தும் செல்லும் கற்பனைப் பொறி ஒன்றை அதில் அவர் வகுத்தார். எந்தப் பொறியின் விதிகளைக் கொடுப்பினும் அதன் போக்கை முன்கூட்டியே உறுதியாய் உரைக்கவல்ல ஒரே பொதுமுறை இருத்தல் இயலாதென்றும் நிறுவினார். இதன் பயனை இன்றும் அலுவலகத்திற் காண்கின்றோம். திரை அசையாது நிற்குங்கால், அந்நிரல் நெடும் பணியொன்றைச் செய்து கொண்டிருக்கின்றதா, என்றும் முடியாச் சுழலில் அகப்பட்டதா என்பதை எல்லா நிரல்கட்கும் தவறாது கூறவல்ல மந்திரம் இல்லை. நிரல் மறுமொழி தரவில்லை எனத் திரையிற் றோன்றும் அறிவிப்பு, சிறிது பொழுது காத்திருந்து செய்த ஊகமேயன்றி முடிந்த தீர்ப்பன்று.

பொதுமந்திரம் இல்லையெனின் யாது செய்வது? இதற்கு விடையை டூரிங்கின் பிற்காலப் பணிகள் தருகின்றன. 1939-இல் போர் மூண்டதும் அவர் பிளெச்சிலி பார்க் என்னுமிடத்தில் ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறிகளை அவிழ்க்கும் பணியில் அமர்ந்தார். அதன்பொருட்டு அவர் வகுத்து, கார்டன் வெல்ச்மன் திருத்திய பாம் என்னும் பொறி, ஓர் அமைப்பைச் சரியெனக் கொண்டு, அதனால் விளைவன முரண்படின் அதனைத் தள்ளும். தள்ளியன போக எஞ்சிய சிலவற்றையே மாந்தர் ஆராய்வர்.

அந்நாளில் அவருடைய மிதிவண்டிச் சங்கிலி அடிக்கடி கழன்று விழுந்தது. டூரிங் மிதியின் சுற்றுக்களை எண்ணிக்கொண்டே ஓட்டினார். குறித்த எண்ணிக்கைக்கு ஒருமுறையே அது கழலுதல் கண்டு, பழுதுற்ற கண்ணியொன்றும் வளைந்த ஆரக்காலொன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் வேளையே அஃதெனத் துணிந்தார் என்பர். வந்து வந்து மறையும் பழுதினை ஆராய்வார்க்கு, அஃது எப்பொழுது வருகின்றதெனக் குறித்து வைத்தலே முதற்படி என்பது இதனாற் பெறப்படும்.

போருக்குப்பின், 1948-இல், அவர் மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகஞ் சேர்ந்தார். 1949 ஜூனிற் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்த மாநாட்டில், நெடிய நிரலொன்றைச் சரிபார்ப்பது எங்ஙனம் என்பது பற்றிச் சிறு கட்டுரையொன்று படித்தார். நீண்ட கூட்டற்கணக்கின் விடையை மட்டும் கொடுத்தால், சரிபார்ப்பவர் முழுவதையும் தாமே செய்து பார்க்க வேண்டும். நிரைதோறும் அடுத்த நிரைக்கு ஏறும் இலக்கங்களையும் குறித்துக் கொடுத்தால், ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே சரிபார்க்கலாம். அவ்வாறே நிரலின் ஒவ்வொரு நிலையிலும் உண்மையாயிருக்க வேண்டுவது இன்னதென எழுதிவைத்துத் தனித்தனியே சோதித்தல் வேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

இந்நெறி கற்றோர்க்கு மட்டும் உரியதன்று. கொல்லிமலைப் பைல் நாட்டில் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். காரவள்ளியினின்று அம்மலையேறும் சாலை எழுபது கொண்டையூசி வளைவுகளையுடையது. சான்றிதழ் வேண்டி வந்த முதியவர் வாயிலிற் காத்திருக்க, இணையம் அறுமாயின், பழுது பார்ப்பவர் கீழிருந்து வருமளவும் பணி கிடத்தல் தகுமோ? எழுத்தர் முதற்கண், பழுது ஒரு கணிப்பொறிக்கா, அனைத்திற்குமா எனக் காண்க. ஒன்றிற்கே எனின், அதன் கேபிளைச் செவ்வனே செருகி, அங்குள்ள சிறு விளக்கு எரிகின்றதா என நோக்குக. அனைத்திற்கும் எனின் ரூட்டரை ஆராய்க. அதுவரை செய்தி சென்று மீளுமாயின், பழுது பெரும்பாலும் அதற்கு அப்பாலதே. எண்முகவரியாற் சென்றடையும் இடத்தைப் பெயராற் சென்றடைய இயலாதெனின், பெயரை எண்ணாக மாற்றும் பகுதியை ஐயுறுக. அணைத்து மீள இயக்குதலும் மூடநம்பிக்கையன்று; தற்காலிக நினைவகத்திற் குழம்பிக் கிடந்தன நீங்க, பொறி அறிந்த தொடக்கநிலையை அடைகின்றது. ஆயினும் ஒரே வேளையில் இரண்டினை மாற்றலாகாது. மாற்றின், பழுது தீர்ந்தது எதனால் என்பது விளங்காது.

1951-இல் ராயல் சொசைட்டி டூரிங்கைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. மறு ஆண்டே பெருந்துன்பம் சூழ்ந்தது. ஆடவர் ஒருவரோடு அவர் கொண்ட உறவை அந்நாளைய ஆங்கிலச் சட்டம் குற்றமெனக் கொண்டது. சிறைக்கு மாற்றாக, மருத்துவமென்னும் பெயரால், ஓராண்டுக் காலம் ஹார்மோன் மருந்து ஏற்க அவர் உடன்பட வேண்டியதாயிற்று. 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், நாற்பத்தோராம் வயதில், சயனைடு நஞ்சினால் உயிர் நீத்தார். தற்கொலை என்றது விசாரணை மன்றம். தற்செயலாய் நேர்ந்த விபத்தென்றே அன்னையார் இறுதிவரை நம்பினார். 2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் வருத்தந் தெரிவித்தார். 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 1966 முதல் கணிப்பொறி அறிஞர்க்கு வழங்கப்படும் உயரிய பரிசு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பொறியின் பிழையை நிலைநிலையாய்ப் பொறுமையுடன் ஆராயக் கற்பித்த ஒருவரிடம், தன் சட்டத்திற் பிழையுண்டோ என ஆராயாமலே ஒரு நாடு குற்றங் கண்டது. காலங்கடந்து வந்த வருத்தம் அவர்தம் செவியிற் படவில்லை.

தோழர்காள்! நம்மிற் பலர் கல்லூரி நீங்கியபின் அலுவலகங்களில் அமர்வோம். பொறி பழுதுபடுங்கால் சினவாது, வகுத்தும் குறித்தும் ஆராய்வோமாக. வாயிலிற் காத்திருக்கும் முதியவரை மறவாதிருப்போமாக. குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்றோர் வழியன்றி, நின்று காயங் கட்டிய சமாரியன் வழியே நம் வழியாகுக.