மூளை மருத்துவர் இராமமூர்த்தி

திருநெல்வேலிக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வள்ளியூர். 1940-களில் அவ்வூரார் ஒருவருக்கு மூளையில் கட்டி தோன்றியிருப்பின் அவர் நிலை என்னாகும்? விடியற்காலையில் தலைநோவு எழும், வாந்தி வரும், கண்ணொளி நாளுக்கு நாள் மங்கும், சிலருக்கு வலிப்பும் உண்டாகும். மண்டையோட்டைத் திறந்து கட்டியை அகற்றுதற்கெனவே பயின்ற மருத்துவர் அம்மாவட்டத்தில் மட்டுமன்று, சென்னை மாநகரிலும் அந்நாளில் இலர். 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி என்பார் அப்பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னையில் தொடங்கியவர் டாக்டர் பா. இராமமூர்த்தி.

இவர் 1922-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். தந்தையாரும் மருத்துவரே. சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்றுத் தேறிய பின், இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் ரௌபாதம் என்னும் அறிஞரிடம் நரம்பு அறுவை மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பி, 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையைத் தோற்றுவித்தார்.

மூளையின் உட்புறத்தைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் கருவி அக்காலத்தில் இல்லை. கண்ணின் உட்புறத்தை நோக்கி, நரம்பின் முகப்பு வீங்கியிருத்தலைக் கொண்டு தலைக்குள் அழுத்தம் மிகுந்துள்ளதை அறிவர். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பர். அல்லது கழுத்துக் குருதிக்குழாயில் படத்தில் தெரியத்தக்க மருந்தைச் செலுத்துவர். அறைகள் ஒதுங்கியிருக்கும் பாங்கினைக் கொண்டு கட்டியின் இடத்தை உய்த்துணர்தல் வேண்டும். கட்டியின் தன்மையோ திறந்து பார்த்தாலன்றி உறுதிப்படாது.

மூளையுறையில் தோன்றும் கட்டி, மூளையைத் தள்ளி வளருமேயன்றிப் பெரும்பாலும் அதனுட் புகுவதில்லை. அதனை முழுதும் எடுத்துவிடின் நோயாளர் பல்லாண்டு வாழ்தல் கூடும். மூளைத் திசுவிலேயே பிறந்து வேரோடிப் பரவும் கட்டி அத்தகையதன்று; எடுத்த பின்னும் எஞ்சியது மீண்டும் வளரும். ஆகவே, மருத்துவர் தம் பணியின் விளைவை நேர்மையுடன் கணக்கிடுதல் இன்றியமையாதது. அமெரிக்காவில் இத்துறையை வளர்த்த ஹார்வி குஷிங், தாம் கண்ட இரண்டாயிரம் மூளைக் கட்டிகளின் முடிவினை, இறந்தாரையும் மறையாது எண்ணி, 1932-இல் நூலாக வெளியிட்டார். கணக்கெழுதுதல் சிறு செயல் போல் தோன்றும். ஆயின், அடுத்த நோயாளரைக் காப்பது அதுவே.

மேனாட்டு நூல்களில் அரிதாகச் சொல்லப்பட்ட ஒரு கட்டி சென்னையில் அடிக்கடி காணப்பட்டது. அது புற்றன்று, காசநோய்க் கிருமியால் மூளையில் திரளும் கட்டி. அதனை அகற்றினால் கிருமி பரவி, மூளையுறை அழற்சியால் நோயாளர் இறப்பது முற்காலத்து வழக்கம். ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்த பின்னரே அறுவைக்குப் பின் உயிர் நிலைக்கலாயிற்று. அயல்நாட்டு நூலறிவு இங்குப் போதாது என உணர்ந்த இராமமூர்த்தி, நம் நோயாளரையே நூலாகக் கொண்டார். அக்கட்டியை அறியும் முறைகளைக் குறித்து வரதராஜன் என்பாருடன் எழுதிய ஆய்வுரை 1961-இல் அமெரிக்க நரம்பு அறுவை இதழில் வெளியாயிற்று. 1971-இல் இங்கிலாந்தில் ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளருக்குப் பயன்பட்டது. அவரும் மூளைக் கட்டியுடையாரே. பின்னாளில் அக்கருவி இங்கும் வந்தது. காசநோய்க் கட்டிகள் பல மருந்தினாலேயே கரைவதை அது காட்டியது. எத்தனையோ கட்டிகளைக் கத்தியால் எடுத்தவர், கத்தி வேண்டாத காலத்தையும் கண்டார்.

பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், கனகா முதலியோர் இவருடன் சென்னையில் பணியாற்றிப் புகழ் பெற்றனர். இந்திய நரம்பியற் கழகம் 1951-இல் தோன்றியபோது அதனை நிறுவிய நால்வருள் இவரும் ஒருவர். 1973-இல் பத்மபூஷண் விருது பெற்றார். டாண்டன் என்பாருடன் இவர் தொகுத்த நரம்பு அறுவைப் பாடநூல் 1980-இல் வெளிவந்தது. அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் அடையாற்றிலுள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையில் நோயாளரைக் கண்டு வந்தார். 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், தம் 81-ஆம் அகவையில் மறைந்தார்.