வராதவர்களை நினைத்த முதலாளி

ஆலையின் சங்கு ஒலித்துவிட்டது. ஆயினும் பல இயந்திரங்கள் ஆளின்றி நிற்கின்றன. நாள்தோறும் நூறு பேரில் ஏறக்குறைய இருபது பேர் வேலைக்கு வருவதில்லை. இந்நிலையில் முதலாளி என்ன செய்வார்? கூலியைப் பிடிப்பார், அபராதம் விதிப்பார், வேறு ஆள் தேடுவார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நாக்பூரில் இதே சிக்கலைச் சந்தித்த ஒருவர் மட்டும் வேறு வழியில் சிந்தித்தார். அவர்தாம் ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடா.

குஜராத்தின் நவ்சாரியில் 1839-இல், பார்சி புரோகிதர் மரபில் பிறந்தவர் அவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றார். தந்தையின் வணிகத்தில் பழகினார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை நேரில் கண்டு தொழில்நுணுக்கம் அறிந்தார். பலரும் பம்பாயிலேயே ஆலைகளை நிறுவியபோது, பருத்தி விளையும் பகுதியின் நடுவே இருந்த நாக்பூரை அவர் தேர்ந்தெடுத்தார். 1877 ஜனவரி 1 அன்று அங்கே எம்பிரஸ் ஆலை தொடங்கியது.

ஆலையை நடத்த அவர் தேர்ந்தெடுத்தவர் பெசோன்ஜி தாதாபாய் மேத்தா. ரயில்வேயில் சரக்குப் பிரிவில் பணியாற்றிய அவருக்கு நெசவுத் தொழில் தெரியாது. தொழிலைக் கற்றுக்கொள்ளலாம், நேர்மையையும் நிர்வாகத் திறனையும் அவ்வளவு எளிதில் கற்பித்துவிட முடியாது. இதை உணர்ந்தே ஜாம்ஷெட்ஜி அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

தொழிலாளர் வாராமையோ எளிதில் தீரவில்லை. பருவத்தின் போக்கில் உழைத்துப் பழகியவர்களுக்கு, நாள் தவறாமல் குறித்த நேரத்தில் வர வேண்டும் என்ற கட்டளை புதியது. வராதவரிடம் குறை காண்பதற்கு முன், அவர் விரும்பி வரத்தக்கதாகத் தம் ஆலை இருக்கிறதா என்று ஜாம்ஷெட்ஜி ஆராய்ந்தார்.

அந்த ஆராய்ச்சி செயலாக மலர்ந்தது. ஆலைக்குள் காற்றோட்டம் செய்யப்பட்டது. ஈரப்பதம் ஊட்டும் கருவிகளும், தீ பரவாமல் தடுக்கும் நீர்த்தூவிகளும் பொருத்தப்பட்டன. தொழிலாளர் குடும்பத்துடன் கூடும் நாள்களும், விளையாட்டுகளும் பரிசுகளும் ஏற்பட்டன. 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்துக்கு இழப்பீடும் வந்தன. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது 1923-இல்தான். தொழிலாளர் சேமநிதிச் சட்டமோ 1952-இல் வந்தது.

அன்றைய ஆலை வாழ்க்கை இன்றைய அளவுகோலில் கடினமானதே. எம்பிரஸ் ஆலையும் அதற்கு முழு விலக்கன்று. ஆனால் சட்டம் கேட்காததை ஒருவர் தாமே முன்வந்து செய்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

வசதி மிகுந்திருந்ததால் செய்தார் என்றும் கூற இயலாது. ஓய்வூதிய நிதி தொடங்கிய அதே 1886-இல்தான், பம்பாயை அடுத்த குர்லாவில் நலிந்து கிடந்த தரம்சி ஆலையை அவர் வாங்கினார். 'சுதேசி' என்ற பெயர் பெற்ற அந்த ஆலை அவரைப் பெரும் நெருக்கடியில் தள்ளியது. எம்பிரஸ் ஆலையில் தமக்கிருந்த பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார். நாக்பூரில் தேர்ச்சி பெற்றவர்களைக் கொண்டு அதனைச் சீர்செய்தார். முன்பு மனிதர்களை வளர்த்தது இப்போது கைகொடுத்தது.

இவற்றைத் தர்மம் என்று அவர் கருதவில்லை. தொழிலாளரின் உடல்நலமும் மனநிறைவும் தொழிலின் அடித்தளம் என்பதே அவர் கொள்கை. தர்மமாக அளிப்பதைத் தொழில் நலியும்போது நிறுத்திவிடலாம். அடித்தளத்தை அவ்வாறு அகற்ற இயலாது.

1902-இல், எஃகு ஆலைக்கு இடம்கூட முடிவாகாத நிலையில், தம் மகன் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதினார். அகன்ற வீதிகள், நிழல்தரும் மரங்கள், விளையாட்டுத் திடல்கள், எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்கள் ஆகியவை தொழிலாளர் நகரில் அமைய வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். அந்நகரைக் காணாமலே 1904-இல் ஜெர்மனியில் மறைந்தார். 1912-இல் அந்த எஃகு ஆலையில் எட்டு மணி நேர வேலைமுறை நடைமுறைக்கு வந்தது. சாக்சி என்ற அந்த ஊர் 1919-இல் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது.

பத்துப் பேரை வழிநடத்துபவரும் ஆயிரம் பேரை வழிநடத்துபவரும் என்றேனும் ஓர் ஆளில்லா இருக்கையைக் காண நேரும். அப்போது அங்கில்லாதவரைக் குறைகூறுவது எளிது. அவர் ஏன் வரவில்லை என்று தம்மையே முதலில் வினவிக்கொள்பவரே தலைமைக்குத் தகுதி பெறுகிறார்.