நாகசாகியின் ஸ்காட்லாந்துத் தரகர்

விற்பவருக்கு வாங்குபவரின் மொழி தெரியாது; வாங்குபவருக்கு விற்பவரின் நாணயம் தெரியாது. இந்த இடைவெளியில் நின்று இரு தரப்புக்கும் பொறுப்பேற்பவரே தரகர். சொந்த நாட்டிலேயே கடினமான இப்பணியை அந்நிய மண்ணில் குடியேறிச் செய்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் தாமஸ் பிளேக் குளோவர். நவீன ஜப்பானின் தொடக்க வரலாற்றை இவருடைய கணக்குப் புத்தகத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

ஸ்காட்லாந்தின் ஃபிரேசர்பர்க் துறைமுக ஊரில் 1838-இல் பிறந்த குளோவர், ஷாங்காயில் ஜார்டின் மாதிசன் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு 1859-இல் நாகசாகியில் கால் வைத்தபோது அவருக்கு வயது 21. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக டச்சுக்காரரைத் தவிர வேறு ஐரோப்பியரை வணிகத்துக்கு அனுமதிக்காத ஜப்பான், முந்தைய ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி அப்போதுதான் தன் துறைமுகங்களைத் திறந்திருந்தது. ஜப்பானியத் தேயிலையைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்வதில் தொடங்கிய குளோவர், விரைவிலேயே தனி நிறுவனம் கண்டார். துறைமுகத்தை நோக்கிய குன்றின்மேல் 1863-இல் அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது.

ஆனால், பெரும் பணம் தேயிலையில் இல்லை. எடோ நகரிலிருந்து ஆண்ட டோகுகாவா ஷோகனின் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. தென்மேற்கில் சத்சுமா, சோஷு ஆகிய சிற்றரசுகள் மேலைநாட்டு ஆயுதங்களையும் நீராவிக் கப்பல்களையும் தேடின. 1863-இல் பிரிட்டிஷ் கடற்படை சத்சுமாவின் தலைநகரான ககோஷிமாவைக் குண்டுவீசித் தாக்கியது. அந்தச் சத்சுமாவே பின்னர் பிரிட்டிஷ்காரரான குளோவரிடம் கப்பல் வாங்க வந்தது. எதிரியின் பலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அதை விலை கொடுத்து வாங்க முடிவு செய்தார்கள்.

1865-இல் இன்னும் துணிகரமான ஒரு பேரம் நடந்தது. சோஷுவுக்கு ஆயுதம் விற்பதை ஷோகனின் அரசு தடுத்திருந்தது. சோஷுவிலிருந்து இட்டோ ஹிரோபுமியும் இனோவே கவோருவும் நாகசாகிக்கு வந்தார்கள். சகமோட்டோ ரியோமாவின் குழுவினர் இடையில் நின்று ஏற்பாடு செய்ய, சத்சுமாவின் பெயரில் ஏறத்தாழ 7,300 துப்பாக்கிகளைக் குளோவர் விற்றார். பகைமை பாராட்டிய இரு சிற்றரசுகள் மறு ஆண்டு கைகோக்க இந்த வணிகமும் ஒரு காரணம். அன்று துப்பாக்கி வாங்க வந்த இட்டோதான் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானின் முதல் பிரதமரானார்.

இதைக்கொண்டு குளோவரைப் புரட்சியாளர் என்று போற்றுவது மிகை. அவர் ஷோகனின் அரசுக்கும் ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கிகள் தருவிக்க ஒப்புக்கொண்டவர். ஆயுத வணிகருக்குரிய அறக்குறையிலிருந்து அவரை விடுவிக்க இயலாது. ஆனாலும், அவர் ஆயுதத்தை மட்டும் இறக்குமதி செய்யவில்லை. அனுமதியின்றி வெளிநாடு செல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1865-இல், சத்சுமாவைச் சேர்ந்த 19 பேரை ரகசியமாக பிரிட்டனுக்கு அனுப்பக் கப்பல் ஏற்பாடு செய்தார். கொசுகேயில் கப்பல் பழுதுபார்க்கும் தளமும், தகாஷிமா தீவில் நீராவி இயந்திரத்தால் இயங்கும் நிலக்கரிச் சுரங்கமும் அவருடைய பங்கேற்பில் உருவாயின.

1868-இல் ஷோகனின் ஆட்சி முடிவுக்கு வந்து மெய்ஜி அரசு அமைந்தது. குளோவரின் வாடிக்கையாளர்கள் வென்றார்கள், குளோவர் தோற்றார். கப்பல்களையும் ஆயுதங்களையும் அவர் பெரும்பாலும் கடனுக்கே விற்றிருந்தார். தாமும் பெருங்கடன் வாங்கியே முதலீடு செய்திருந்தார். உள்நாட்டுப் போர் விரைவில் முடிந்ததால் ஆயுதச் சந்தை படுத்தது. சிற்றரசுகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி வரவில்லை. கோபே துறைமுகம் திறக்கப்பட்டதால் நாகசாகியின் வணிகமும் சரிந்தது. 1870-இல் குளோவரின் நிறுவனம் திவாலானது.

அந்த ஊரை விட்டு ஓடியிருந்தால் அவர் பெயர் இன்று எவருக்கும் தெரிந்திருக்காது. அவர் ஓடவில்லை. தமக்கு உரிமையாக இருந்த தகாஷிமா சுரங்கத்திலேயே கடன்காரர்களின் சார்பில் மேலாளராகப் பணியாற்றினார். 1881-இல் அச்சுரங்கத்தை வாங்கிய மிட்சுபிஷி, அவரைத் தன் ஆலோசகராக்கிக்கொண்டது. பின்னாளில் கிரின் நிறுவனமாக வளர்ந்த பீர் ஆலையின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1908-இல் உதயசூரிய விருது அளித்து ஜப்பானிய அரசு அவரைக் கௌரவித்தது. 1911-இல் டோக்கியோவில் காலமான அவர், நாகசாகியில் அடக்கம் செய்யப்பட்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. ஜப்பானியத் தாய்க்கு 1870-இல் பிறந்த அவருடைய மகன், குராபா தோமிசபுரோ என்ற ஜப்பானியப் பெயருடன் நாகசாகியிலேயே வாழ்ந்தார். மீன்பிடித் தொழிலை நவீனப்படுத்தியதுடன், அப்பகுதி மீனினங்களை ஓவியர்களைக் கொண்டு வரைவித்து அரிய தொகுப்பாக்கினார். ஆனால், இரண்டாம் உலகப் போர் மூண்டதும் தந்தையின் குருதியே அவருக்குக் குற்றமாயிற்று. காவல்துறையின் கண்காணிப்பில் அவர் வாழ நேர்ந்தது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதை அவர் வாழ்வு மெய்ப்பித்தது. 1945 ஆகஸ்ட் 9-இல் நாகசாகியின் மீது அணுகுண்டு விழுந்தது. அம்மாத இறுதியில், நேசநாட்டுப் படைகள் நகருக்குள் வருமுன், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

குன்றின் மேலுள்ள குளோவரின் வீடும் கொசுகே கப்பல் தளமும் 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. இரு நாடுகளுக்கு நடுவே நிற்பவரை வணிகம் செழிக்கும்போது இரு தரப்பும் தம்மவர் என்று கொண்டாடும். பகை மூளும்போது இரு தரப்பும் அயலார் என்று கைவிடும். தந்தைக்கு விருதும் மகனுக்குச் சந்தேகமும் அளித்தது ஒரே நாடுதான். வாழ வந்த இடத்துக்கு உழைத்தவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் ஒரு தேசம் நெருக்கடிக் காலத்தில் எப்படி நடத்துகிறது என்பதே அதன் நன்றியுணர்வுக்கு உண்மையான உரைகல்.