மலாயா கணபதி: கதவு சாத்தப்பட்ட காலம்



நம்ம மன்றத்துப் பிள்ளைகளிடம் மலாயா கணபதியைத் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேருக்குப் பெயர் தெரிகிறது. துப்பாக்கி வைத்திருந்தாராம், தூக்கில் போட்டாங்களாம், அவ்வளவுதான். சிலருக்கு அவர் மாவீரர். சில பெரியவர்களுக்கோ அவர் கம்யூனிஸ்ட், அந்தப் பேச்சே வேணாம். இந்த இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. ஒரு நாட்டில் அடக்குமுறை எப்படி வருகிறது, தீவிரவாதம் எப்படி வளர்கிறது என்ற இரண்டையும் இந்த ஒருவர் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். அதனால்தான் இந்த மாதம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் அவர் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். நான் கேரி தீவுக்காரன். இன்று இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை. பாலத்தில் ஏறினால் நேராகப் பந்திங், கிள்ளான் என்று போய்விடலாம். அந்தக் காலத் தோட்டம் அப்படி இல்லை. வீடு, வேலை, ஸ்டோர், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம், மருந்து எல்லாமே நிர்வாகத்தின் கையில். தோட்டம் தனியார் நிலம் என்பதால் யார் உள்ளே வரலாம் என்பதையும் துரைதான் முடிவு செய்வார். வேலை போனால் வீடும் போச்சு. இப்படிப்பட்ட இடத்தில் எதிர்த்துப் பேச எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நான் அடக்குமுறை என்று சொல்வது இதைத்தான். அதற்குப் பட்டாளம் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஒரே ஆளை நம்பியிருக்கும் நிலை வந்துவிட்டால் போதும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்று நடத்தியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதில் முக்கியமானவர் தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச். நாதன். அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு. மருத்துவ வசதி. கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் போக வேண்டும்.

இதில் எது தீவிரவாதம்? சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக வேண்டும் என்று கேட்டதா? ஆனால் 1941 மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டதும் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மனுப் போட்டு, சங்கம் வைத்துக் கேட்டால் கிடைக்கும் பதில் இதுதான் என்று ஒரு தலைமுறை அன்றைக்கே கற்றுக்கொண்டது. பின்னால் வந்த பல கஷ்டங்களுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்தான் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்து, சின்ன வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். ஜப்பானியர் காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். கூலிகள் என்று கூப்பிடப்பட்ட நம்ம ஆட்கள் முதல்முறையாக நிமிர்ந்து நடந்த காலம் அது. போர் முடிந்தது, வெள்ளைக்காரர் திரும்பி வந்தார்கள். ஆனால் சீருடை போட்டு நிமிர்ந்த முதுகு பழையபடி வளைய மறுத்தது.

கணபதி தொழிற்சங்கத்துக்கு வந்தார். 1947-இல் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். அந்தச் சம்மேளனத்தின் கீழே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லாரும் இருந்த அமைப்புக்கு ஒரு தமிழர் தலைவர். இன்றைக்கும் நினைத்துப் பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெருமையோடு நிறுத்தினால் அது பாதிக் கதைதான். சம்மேளனத்தை உள்ளே இருந்து நடத்தியது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி. கணபதிக்கும் அந்தக் கட்சிக்கும் இருந்த தொடர்பை மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் உரிமைக்காக அந்தக் கட்சி பாடுபட்டது உண்மை. கேள்வி கேட்காமல் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற இரகசிய அமைப்பு அது என்பதும் உண்மை. அப்படிப்பட்ட அமைப்புக்கு என்ன ஆபத்து என்பதற்கு நமக்கு ரொம்பத் தெரிந்த இடத்திலேயே சாட்சி இருக்கு. 1942 செப்டம்பர் 1-ஆம் தேதி பத்துமலைக்குப் பக்கத்தில் கட்சியின் முக்கியத் தலைவர்கள் இரகசியமாகக் கூடினார்கள். ஜப்பானியர் வந்து வளைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய பொதுச்செயலாளர் லாய் தெக் மட்டும் வரவில்லை. காட்டிக்கொடுத்ததே அவர்தான். அதற்குப் பிறகும் 1947 வரை அவரே தலைவராக இருந்தார். கடைசியில் கட்சிப் பணத்தோடு ஓடிப் போனார். தலைவரைக் கேள்வி கேட்பது துரோகம் என்று நினைக்கிற கூட்டத்தில் துரோகி தலைமையிலேயே உட்கார்ந்திருக்கலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1948-இல் எல்லாம் வேகமாக நடந்தது. மே மாதக் கடைசியில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக் கூடாது. அதே தொழிலில் மூன்று வருட அனுபவம் இல்லாதவர் பொறுப்புக்கு வரக் கூடாது. பார்த்தால் சாதாரண விதி மாதிரி இருக்கும். ஆனால் ஜூன் மாதம் அதே விதியால் சம்மேளனமே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கணபதி தலைவராக இருந்த மேடை காணாமல் போனது.

ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். விசாரணை இல்லாமல் காவல், நாடு கடத்தல், ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. நம் பையில் இருக்கும் ஐசிகூட அந்த அவசரகாலத்தில் ஆரம்பித்ததுதான். காட்டுக்குள் போனவர்கள் வெள்ளைக்காரர்களை மட்டும் கொல்லவில்லை. தோட்டத்துத் தமிழர்களும் அவர்கள் கையால் செத்தார்கள். இந்தப் பக்கம் 1948 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங்காலியில் ஆயுதம் இல்லாத 24 கிராமத்தார்களை பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் செய்யும் கொடுமை மற்றவருக்குச் சாக்காகப் போய்விட்டது. நடுவில் நின்று நியாயம் கேட்டவனுக்கு இடமே இல்லாமல் போச்சு.

1949 மார்ச் 1-ஆம் தேதி ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாக வழக்கு. கண்டெடுத்த துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாக அவர் தரப்பில் வாதாடினார்கள். கோலாலம்பூர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, மரண தண்டனை விதித்தது. கருணை மனுக்கள் தள்ளுபடியாயின. நேருவின் அரசாங்கம் தலையிட்டும் பலன் இல்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் அவரோடு தொழிற்சங்கப் பணி செய்த வீரசேனன் பாதுகாப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். புடு சிறையைப் பிறகு இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. பழைய நுழைவாயிலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதி முடிந்தது. ஆனால் விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் அதிகாரம் முடியவில்லை. அதே ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக அது திரும்பி வந்தது. 2012-இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். பயத்தில் கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க 50 வருடத்துக்கு மேல் ஆனது. பயம் போனாலும் அதிகாரம் தானாகப் போகாது என்பதை இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

அப்படியென்றால் வேறு வழி இருந்ததா? இருந்தது, கஷ்டமான வழி. பி.பி. நாராயணனும் அவரைப் போன்றவர்களும் சட்டத்துக்குள்ளேயே நின்று சங்கம் கட்டினார்கள். 1954-இல் பல சங்கங்கள் சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. மெதுவான வேலை. வெள்ளைக்காரனுக்கு ஏற்ற ஆட்கள் என்று பேச்சும் வாங்கினார்கள். கேட்டது எல்லாம் கிடைக்கவும் இல்லை. ஆனால் கூட்டம் போட்டு, கணக்குக் காட்டி, ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் தோட்டத்தில் அழியாமல் இருந்தது. நம் சமயத்திலும் இந்த வழிக்கு முன்னோடி இருக்கிறார். பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது நான் உனக்குக் குடி இல்லை என்று நின்றவர் திருநாவுக்கரசர். அவர் பயப்படவில்லை, கத்தியையும் எடுக்கவில்லை. உழவாரம்தான் அவர் கையில் இருந்தது.

கணபதியை நான் குற்றவாளியாகவும் பார்க்கவில்லை, சாமியாக்கிக் கும்பிடவும் தயாரில்லை. பேசுவதற்கு இருந்த கதவை அரசாங்கம் வெளியே இருந்து சாத்தியது. இரகசியமும் துப்பாக்கியுமே வழி என்று கட்சி அதை உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டது. இடையில் ஒரு திறமைசாலியை நம் சமுதாயம் இழந்தது.

இன்றைக்கு உங்கள் கைபேசியிலும் யாராவது கூப்பிடுவார்கள். நம்ம இனத்துக்கு ஆபத்து, பேசிப் பிரயோஜனம் இல்லை, தலைவர் சொல்வதை மட்டும் செய் என்பார்கள். கேங்கில் சேரச் சொல்பவனும் அதே பாட்டைத்தான் பாடுவான். நம் சமயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவனாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் கணக்கை யார் பார்க்கிறார்கள்? தலைவர் தப்புச் செய்தால் எப்படி மாற்றுவீர்கள்? நான் விலகிப் போனால் என்ன செய்வீர்கள்? பதில் சொல்ல முடியாதவனோடு போகாதீர்கள். அதே கேள்விகளை நம் மன்றத்தைப் பார்த்தும் கேளுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு வாருங்கள், கணக்கைப் படியுங்கள், பிடிக்காவிட்டால் கை தூக்கிச் சொல்லுங்கள்.

மே 4-ஆம் தேதி அவர் நினைவு நாள். அன்று கோயிலில் ஒரு விளக்கு ஏற்றுங்கள். வீரசேனனுக்கும், கிள்ளானில் விழுந்த ஐந்து பேருக்கும், பத்தாங்காலியில் இறந்த 24 பேருக்கும், காட்டிலிருந்து வந்த குண்டுக்குப் பலியான தோட்டத்து மக்களுக்கும் சேர்த்தே அந்த விளக்கு எரியட்டும்.